சத்தத்தைப் பெட்டியில் பூட்டுவது: வீட்டில் எலக்ட்ரிக் கிடார் ஒலிப்பதிவுக்கு ஐசோ கேபினெட்

15 வாட் என்று முகப்பில் எழுதியிருப்பதைப் பார்த்து, ‘சின்ன ஆம்ப்தானே, வீட்டுக்குச் சரியாக இருக்கும்’ என்று நம்பி டியூப் ஆம்ப் (வெற்றிடக் குழாய்களால் கிடாரின் ஒலியைப் பெருக்கும் கருவி) வாங்கிவருபவர்கள் ஏராளம். ஓர் எல்.இ.டி. பல்புக்குச் செலவாகும் மின்சாரம்தான் அது. ஆனால் கிடாருக்கென்றே செய்யப்படும் ஸ்பீக்கர்கள் அந்தக் கொஞ்ச மின்சாரத்திலேயே ஊரைக் கூட்டிவிடும். செலஸ்டியன் நிறுவனத்தின் வின்டேஜ் 30 என்ற 12 அங்குல ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். ராக், மெட்டல் ஒலிப்பதிவுகளில் திரும்பத் திரும்பக் காதில் விழும் ஸ்பீக்கர் அது. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 100 டெசிபல் கேட்கும் என்பது நிறுவனம் தரும் அளவு. 15 வாட்டையும் கொடுத்தால் ஏறத்தாழ 112 டெசிபல். நாம் சாதாரணமாகப் பேசிக்கொள்வது 60 டெசிபல் அளவில்தான். இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வைத்திருக்கும் வரம்பு பகலில் 55, இரவு 10 மணிக்குப் பிறகு 45.

வால்யூமைக் குறைத்து வாசிக்கலாமே என்றால், வாசிக்கலாம், நாதம் மாறிவிடும். டியூப் ஆம்பின் கரகரப்பு ஒரே இடத்தில் பிறப்பதில்லை. முன்வரிசையில் இருக்கும் சிறிய ப்ரீஆம்ப் டியூப்கள் ஒரு பங்கைத் தருகின்றன. இந்தப் பங்கை மெல்லிய சத்தத்திலும் பெறலாம். மாஸ்டர் வால்யூம் குமிழ் இருப்பது அதற்காகத்தான். மிச்சமெல்லாம் பின்வரிசையில் நடக்கிறது. பவர் டியூப்கள் தம் எல்லையைத் தொட்டு அலையின் முனைகளை மழுக்குகின்றன, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் திணறுகிறது, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு தன் போக்கில் நெளியத் தொடங்குகிறது. ஆம்பை நன்றாகத் திறந்துவிட்டால்தான் இவை நடக்கும். மாஸ்டர் வால்யூமே இல்லாத பழைய பாணி ஆம்ப் என்றால் சத்தம் வேறு, நாதம் வேறு என்று பிரிக்கவே முடியாது.

இதில் நம் காதுக்கும் பங்கு உண்டு. மெதுவாக ஒலிக்கும்போது காது தாழ்ந்த அதிர்வெண்களைச் சரியாகப் பிடிப்பதில்லை, சத்தம் ஏற ஏற அடிநாதம் தடித்துத் தெரிகிறது என்பதை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். ஆகவே ‘சத்தமாக வாசித்தால்தான் நன்றாக இருக்கிறது’ என்ற உணர்வில் ஒரு பகுதி ஆம்பில் இல்லை, காதில் இருக்கிறது. பதிவு செய்ததை ஹெட்போனில் சாதாரண அளவில் கேட்கும்போது அந்தப் பகுதி காணாமல் போய்விடும். ஸ்பீக்கரையும் மைக்கையும் உள்ளே வைத்து மூடும் ஐசோ பெட்டிக்குப் பணம் செலவழிக்கும் முன் இதைச் சோதித்துவிடுவது நல்லது. வீட்டில் ஆம்பை மெதுவாக வைத்து ஒரு மைக்கில் பதிவு செய்யுங்கள். வாடகைக்குக் கிடைக்கும் ஒத்திகை அறையில் அதே ஆம்பைத் திறந்துவிட்டு அதே வரியைப் பதிவு செய்யுங்கள். இரண்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து கேளுங்கள். வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை என்றால் உங்களுக்குப் பெட்டியும் வேண்டாம், இந்தக் கட்டுரையின் மீதியும் வேண்டாம்.

வித்தியாசம் தெரிகிறது என்பவர்களுக்கு மேலே சொல்கிறேன்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

பெரிய ஸ்டுடியோக்களில் கிடார் ஸ்பீக்கரைத் தனி அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். வாசிப்பவர் வேறோர் அறையில் உட்கார்ந்து, மைக் வழியாக வருவதைக் கேட்டபடி வாசிப்பார். ஐசோலேஷன் கேபினெட், சுருக்கமாக ஐசோ கேப், அந்தத் தனி அறையை ஒரு ஸ்பீக்கரும் ஒரு மைக்கும் மட்டும் அடங்கும் அளவுக்குச் சுருக்கியதுதான். டெமீட்டர், ரான்டல், ரிவேரா, ஜெர்மனியின் கிராஸ்மன் ஆகிய பெயர்களில் இப்படிப்பட்ட பெட்டிகள் கடைக்கு வந்திருக்கின்றன. தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்பவர்களும் உண்டு. வீட்டில் மட்டுமல்ல, ஆம்பின் இரைச்சல் பாடகரின் மைக்குக்குள் புகக்கூடாது என்று நினைக்கும் மேடைகளிலும் இவற்றைப் பயன்படுத்துகிறார்கள்.

மூடியைத் தூக்கிப் பார்த்தால் குறுக்கே ஒரு பலகை, அதில் வட்டமாக வெட்டிய துளை, துளையில் திருகிய ஸ்பீக்கர். அதன் எதிரே சற்று இடைவெளியில் வளையும் கழுத்துள்ள தாங்கியில் ஒரு மைக். உள்சுவர்கள் முழுவதும் ராக்வுல்லோ (கல் இழைப் பஞ்சு) தடித்த ஃபோமோ ஒட்டியிருக்கும். வெளிப்பக்கத்தில் இரண்டு சாக்கெட்டுகள்: ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் கேபிள் உள்ளே போக ஒன்று, மைக்கின் கேபிள் வெளியே வர ஒன்று. ஆம்ப் பெட்டிக்கு வெளியேதான் இருக்க வேண்டும். ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே உடலாக இருக்கும் காம்போ வகை என்றால், உள் ஸ்பீக்கருக்குப் போகும் இணைப்பைக் கழற்றி ஐசோ பெட்டிக்குக் கொடுக்க வேண்டும். காம்போவை அப்படியே பெட்டிக்குள் இறக்கி மூடினால் என்ன என்று கேட்பவர்கள் டியூப்கள் எவ்வளவு சூடாகும் என்பதை மறந்துவிடுகிறார்கள். காற்றோட்டமே இல்லாத பெட்டியில் டியூப் ஆம்பை அடைப்பது தீ விபத்துக்கு அழைப்பு வைப்பது.

மைக்கிலிருந்து வரும் கேபிள், ஒலியைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்குப் போகும்; அங்கிருந்து கணினிக்கும் உங்கள் ஹெட்போனுக்கும். ஹெட்போன் காதை முழுவதும் மூடும் வகையாக இருக்கட்டும். ஆம்பின் சத்தம் அடங்கிப்போனதால், தந்தியை மீட்டும் ‘டிக் டிக்’ ஓசையும் பெட்டியிலிருந்து கசிவதும் திறந்த வகை ஹெட்போனில் கலந்து கேட்டு எரிச்சலூட்டும்.

எவ்வளவு அடங்கும்

‘சைலன்ட்’ என்ற சொல்லை விளம்பரத்தில் பார்த்துவிட்டுப் பெட்டி வாங்குபவர் ஏமாறுவது இங்கேதான். ஒழுங்காகச் செய்த பெட்டி சுமார் 30 டெசிபல் சத்தத்தை விழுங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 112 என்பது 82 ஆகும். அதே அறையில் ஒருவர் போனில் பேச வேண்டுமானால் குரலை உயர்த்த வேண்டியிருக்கும். ஆனால் அதற்கு அப்பால் சுவர் இருக்கிறது. இருபுறமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் தன் பங்குக்கு 45 முதல் 50 டெசிபல் வரை தடுக்கும். பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேர்வது முப்பது சொச்சம். மின்விசிறி ஓடும் அறையில் அது காதில் ஏறாது. சன்னலும் கதவும் சுவரைப்போல உழைப்பதில்லை என்பதால் அவற்றை மூடி வைப்பது நம் பொறுப்பு.

இந்தக் கணக்கிலேயே இன்னொரு வழியும் ஒளிந்திருக்கிறது. வாட் பாதியானால் சத்தம் 3 டெசிபல்தான் குறையும். 50 வாட்டுக்குப் பதில் 25 வாட் ஆம்ப் வாங்குவதால் அக்கம்பக்கத்தாருக்கு எந்த நிம்மதியும் இல்லை. 15இலிருந்து 1 வாட்டுக்கு இறங்கினால் மட்டும் 12 டெசிபல் கிடைக்கிறது. 1 வாட்டுக்கு மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள ஆம்பும் ஒரு சுமாரான பெட்டியும் சேர்ந்தால், பெரிய ஆம்பையும் பிரமாதமான பெட்டியையும்விட அமைதியாக இருக்கும். வீட்டு ஒலிப்பதிவுக்கு நான் சிபாரிசு செய்வது இந்தக் கூட்டணியைத்தான்.

பெட்டி சத்தத்தைத் தடுப்பது முதலில் எடையால். பலகையின் எடை இருமடங்கானால் சுமார் 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும். ஒலியின் அதிர்வெண் பாதியானால் அதே 6 டெசிபலை இழப்போம். மர இழையை அழுத்திச் செய்யும் 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 13 கிலோ இருக்கும். கணக்குப்படி அது 1,000 ஹெர்ட்ஸில் 35 டெசிபல் வரை தடுக்கும், 500இல் 29, 100 ஹெர்ட்ஸில் வெறும் 15. கிடாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அதனால்தான் பெட்டிக்கு வெளியே சோலோ கேட்பதில்லை. ‘தும் தும்’ என்ற அடி மட்டும் கேட்கிறது. உள்ளங்கையால் தந்தியை அடக்கி இடிக்கும் மெட்டல் வாசிப்புக்காரர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். ப்ளூஸ் வாசிப்பவர் தப்பித்துவிடுவார்.

எடையைவிட முக்கியமானது இடுக்கு. 70 செ.மீ. நீளம், 50 அகலம், 50 உயரம் உள்ள ஒரு பெட்டியின் மொத்தப் பரப்பு 1.9 சதுர மீட்டர். அதன் மேல்மூடி சரியாகப் படியாமல் சுற்றிலும் ஒரே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது என்று வையுங்கள். சுற்றளவு 2.4 மீட்டர், இடைவெளியின் பரப்பு 24 சதுர சென்டிமீட்டர். மொத்தப் பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். அந்த ஒரு மில்லிமீட்டர் இருக்கும்வரை, பலகையை இரும்பில் செய்தாலும் 29 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. மூடியின் விளிம்பு முழுவதும் மென்மையான ரப்பர் பட்டை ஒட்டி, இழுத்து இறுக்கும் கொக்கிகளால் பட்டை நசுங்கும்படி பூட்டுவது இதற்காகத்தான். கேபிளுக்காகப் போட்ட துளையை அப்படியே விட்டுவைப்பது இன்னொரு வழக்கமான ஓட்டை; சாக்கெட்டைப் பலகையில் திருகிச் சுற்றிலும் சிலிக்கான் பூசிவிட வேண்டும்.

காற்று வழியை அடைத்த பிறகு தரை வழி மிச்சமிருக்கும். அடுக்குமாடிக் கான்கிரீட் தளத்தில் பெட்டி நேரடியாக உட்கார்ந்தால் அதன் அதிர்வு தளத்தில் இறங்கி, கீழ்வீட்டுக் கூரையில் ஒலியாக எழும். கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்து புகார் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் காரணம் இதுதான். தடித்த ரப்பர் துண்டுகள் போதும். பாதி காற்றடைத்த பழைய ஸ்கூட்டர் டியூபின் மேல் பெட்டியை உட்கார வைப்பது இன்னும் நன்றாக வேலை செய்யும், பார்க்கத்தான் சகிக்காது.

டப்பாச் சத்தம்

இதுவரை சொன்னது அடக்குவதைப் பற்றி. அதற்குக் கொடுக்கும் விலையை இனிச் சொல்ல வேண்டும். ஐசோ பெட்டியில் பதிவு செய்ததை முதன்முறை கேட்பவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: ‘டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கிறது.’

காரணம் பெட்டியின் அளவு. மூடிய எந்த இடத்திலும் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையில் ஒலி மோதித் திரும்பி, சில அதிர்வெண்களை மட்டும் ஊதிப் பெருக்கும். 3.5 மீட்டர் நீள அறையில் இப்படி முதலில் வலுப்பெறுவது 49 ஹெர்ட்ஸ். கிடாரின் கடைசித் தந்திக்கும் கீழே இருப்பதால் பெரிய பாதகமில்லை. உள்ளளவு 60 செ.மீ. உள்ள பெட்டியில் அது 286 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடுகிறது. கிடாரின் உடம்பே அங்கேதான் இருக்கிறது. போதாக்குறைக்கு, சின்னப் பெட்டியில் அடைபட்ட காற்று கூம்பின் அசைவை எதிர்த்துத் தள்ளுவதால் அடிநாதம் மெலிந்துபோகும். அடி மெலிந்து, நடு வீங்கினால் கிடைப்பது டப்பாச் சத்தம்.

இதைத் தீர்க்க ஃபோம் வாங்கி ஒட்டுகிறார்கள். ஃபோம் சத்தத்தை வெளியே போகாமல் தடுக்காது. முட்டை அட்டையும் தடுக்காது. அந்த நம்பிக்கை எப்படியோ தலைமுறை தாண்டியும் சாகாமல் இருக்கிறது. இவை உள்ளே எதிரொலியை மட்டுமே குறைக்கும், அதிலும் மெல்லியதாக இருந்தால் உயர் அதிர்வெண்களை மட்டும். 286 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 1.2 மீட்டர், அதை முழுமையாக விழுங்க அதில் கால்பங்கு, அதாவது 30 செ.மீ. ஆழத்துக்கு அடைசல் வேண்டும். ஒரு அங்குல ஃபோம் ஒட்டிய பெட்டியில் மேல்நாதம் செத்து, நடுவீக்கம் அப்படியே நிற்கும். ஒட்டாத பெட்டியைவிட அது மோசம். 10 செ.மீ.க்குக் குறையாத ராக்வுல்லை, குறிப்பாக மைக்குக்குப் பின்னால் இருக்கும் சுவரில், வைப்பதுதான் பலன் தரும். கையுறையும் முகக்கவசமும் போட்டு வெட்டுங்கள்; இழை பறந்து ஸ்பீக்கருக்குள் விழாதபடி துணியால் மூடித் தையுங்கள்.

ஆனால் மருந்துகளில் முதல் மருந்து பெரிய பெட்டி. ரிவேராவின் சைலன்ட் சிஸ்டர் பெட்டிக்குள் காற்றுக்கென்று வளைந்து வளைந்து போகும் பாதை விட்டிருப்பதும், பார்க்கப் பெரிதாக இருப்பதும் இந்தக் காரணத்தால்தான். மேசையடியில் மறையும் குட்டிப் பெட்டி கண்ணுக்கு அழகு, காதுக்குக் கஷ்டம். பெரிதாகச் செய்வதில் எடை ஒரு பிரச்சினை. மேலே சொன்ன 70 செ.மீ. பெட்டியே ஒற்றைப் பலகையில் 25 கிலோ வரும், இரட்டைப் பலகையில் 50. எங்கே வைக்கப்போகிறோம் என்பதை முடிவு செய்துவிட்டுப் பலகை வெட்டச் சொல்லுங்கள்.

பெட்டிக்கு வெளியே மிச்சத்தைச் சரிசெய்யலாம். அதிர்வெண்வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் ஒரு குறுகிய பட்டையை உயர்த்தி 200 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக நகர்த்துங்கள். எங்கே காது கூசுகிறதோ அங்கே உயர்த்தியதைக் கீழே இறக்கி 4, 5 டெசிபல் வெட்டுங்கள். அறையின் காற்று இல்லாத வறட்சிக்குச் சின்ன அறையின் எதிரொலியைச் செயற்கையாகச் சேர்க்கும் ரிவெர்ப் கொஞ்சம் போதும்.

மைக், கேபிள், ஓம்

மைக்குக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். ஷூர் நிறுவனம் 1965இல் கொண்டுவந்த எஸ்.எம்.57 இன்றும் கிடார் ஸ்பீக்கர்களின் முன் நிற்கிறது. பெட்டிக்குள் எழும் அழுத்தத்தைத் தாங்கும். கூம்பின் நடுவிலுள்ள குமிழை நேராகப் பார்த்து வைத்தால் கூர்மையாக ஒலிக்கும். விளிம்பை நோக்கி ஓரிரு விரற்கடை நகர்த்தினால் கூர்மை மழுங்கித் தடிப்பு வரும். திறந்த அறையில் நண்பர் ஒருவர் மைக்கை நகர்த்த, நாம் ஹெட்போனில் கேட்டுச் ‘சரி, அங்கேயே நிற்கட்டும்’ என்று சொல்லலாம். இங்கே ஒவ்வொரு முறையும் கொக்கியைத் திறந்து, நகர்த்தி, மூடி, வாசித்துக் கேட்க வேண்டும். மூடி திறந்திருக்கும்போது கேட்டு முடிவு செய்வது வீண். மூடியதும் ஒலி மாறிவிடும். நல்ல இடம் அகப்பட்டால் பலகையில் பென்சிலால் குறித்துவையுங்கள்.

ஆம்பைக் காப்பாற்றுவதற்கும் சில விதிகள் உண்டு. டியூப் ஆம்பை ஸ்பீக்கர் இணைக்காமல் ஒருபோதும் இயக்கக் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எகிறிக் கருகிவிடும். பெட்டியிலுள்ள ஸ்பீக்கர் 8 ஓம் என்றால் ஆம்பின் 8 ஓம் சாக்கெட்டில் செருகுங்கள். கிடாரிலிருந்து ஆம்புக்குப் போகும் கேபிளும் ஆம்பிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் கேபிளும் முனையில் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே வேறு. கிடார் கேபிளின் மெல்லிய கம்பி ஸ்பீக்கருக்குப் போகும் மின்னோட்டத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டதில்லை. 25 வாட் தாங்கும் ஸ்பீக்கரை 15 வாட் ஆம்புக்குப் போடுவதுகூடக் கொஞ்சம் நெருக்கடிதான், ஏனென்றால் முழுதாகத் திறந்துவிட்ட ஆம்ப் தன் அறிவிக்கப்பட்ட வாட்டைத் தாண்டும். இருமடங்கு தாங்கும் ஸ்பீக்கரே பாதுகாப்பு. ஸ்பீக்கருக்குப் போகும் மின்சாரத்தில் நூற்றில் தொண்ணூறு பங்குக்கு மேல் வெப்பமாகிறது; காற்றுப் புகாத பெட்டியில் அந்த வெப்பம் எங்கும் போகாது. அரை மணிக்கொரு முறை மூடியைத் திறந்துவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

ஒரு குறையைச் சரிசெய்யவே முடியாது. ஸ்பீக்கரின் சத்தம் கிடாரின் தந்திகளை மறுபடி அதிரச்செய்து, ஒரு ஸ்வரம் ஓயாமல் நீளுமே, ராக் கிடார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் ஓர் உத்தியாகவே வளர்த்தெடுத்த அந்த ஃபீட்பேக், பெட்டியை மூடியதும் நின்றுவிடும்.

பெட்டியா, லோட் பாக்ஸா

இன்று இதே தேவைக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. ஸ்பீக்கரின் இடத்தில் ஒரு மின்சுமையை வைத்து, ஆம்பின் சக்தியை வெப்பமாக்கிவிட்டு, ஸ்பீக்கர், மைக், அறை மூன்றின் குணத்தையும் கணினியில் சேர்ப்பது லோட் பாக்ஸ் முறை. டூ நோட்ஸ் நிறுவனத்தின் டார்பிடோ வரிசையும் யுனிவர்சல் ஆடியோவின் ஆக்ஸும் இந்த வகை. சத்தம் அறவே இல்லை, டப்பா ஒலி இல்லை, மைக்கை நகர்த்த மூடியைத் திறக்க வேண்டியதில்லை. ஆம்பே இல்லாமல் முழுவதையும் மென்பொருளில் முடிப்பவர்களும் பெருகிவிட்டார்கள். புதிதாகத் தொடங்குபவர், அடுக்குமாடியில் இருப்பவர், இரவில்தான் நேரம் கிடைப்பவர் ஆகியோருக்கு லோட் பாக்ஸோ மென்பொருளோதான் சரி; பெட்டி அவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

பெட்டி யாருக்கு? கூம்பு நெளிவதையும் காற்று அசைவதையும் உண்மையாகவே பதிவில் பிடிக்க வேண்டும் என்பவருக்கு; சிறிய வாட் டியூப் ஆம்ப் ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு; பகலில் ஓரளவு சத்தம் போட முடிகிற, பெட்டியை நிரந்தரமாக வைக்க ஒரு மூலை உள்ள வீட்டுக்காரருக்கு. அவர்களும் செய்து முடித்த அன்றே வாசிக்க உட்கார வேண்டாம். கிடாரின் தடித்த தந்தியைப் பதிவு செய்து, லூப் பெடலில் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஆம்பை வாசிக்கும் அளவுக்கு ஏற்றிவிட்டு, மூடியின் விளிம்பு நெடுகக் காதை வைத்துக்கொண்டு போங்கள். மேல்நாதம் எங்கே காதில் விழுகிறதோ அங்கே பட்டை படியவில்லை. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு மாடிப்படிக்குப் போய் நில்லுங்கள். முடிந்தால் கீழ்வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு அவர் வீட்டுக் கூடத்திலும் ஒரு நிமிடம் நின்று கேளுங்கள்.